சிம் போட்ட ட்ரோன்: செல்போன் டவரை நம்பி வானப் போக்குவரத்தை நடத்தலாமா?

கேள்வி இதுதான்: "மருந்து, சாப்பாடு, பார்சல் என்று எல்லாவற்றுக்கும் ட்ரோன் வரப்போகிறது என்கிறார்கள். நூற்றுக்கணக்கில் பறந்தால் ஒன்றோடொன்று மோதாதா? ஊரெல்லாம் செல்போன் டவர் இருக்கிறதே, ஒவ்வொரு ட்ரோனிலும் ஒரு சிம் போட்டு, அந்த நெட்வொர்க் வழியாகவே கண்காணித்துக் கட்டுப்படுத்திவிட முடியாதா?"

கண்காணிக்க முடியும். தகவல் சொல்ல முடியும், வழியை மாற்றச் சொல்லி உத்தரவு அனுப்பவும் முடியும். ஆனால் ஒரு ட்ரோன் மோதாமல், விழாமல் இருப்பதே அந்த சிக்னலைப் பொறுத்தது என்ற நிலையில் வைத்தால் அது ஆபத்து. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். நான் மொபைல் நெட்வொர்க்கில் ரேடியோ பக்கம் வேலை பார்ப்பவன். அதனால் அந்தப் பகுதி கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

முதலில், விமானங்களுக்கு இருக்கும் ஏற்பாடு ட்ரோனுக்கு ஏன் ஒத்துவராது என்று பார்த்துவிடலாம். விமானத்தை ரேடார் பார்க்கிறது. விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் தன் அடையாளத்தையும் உயரத்தையும் சொல்கிறது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் பைலட்டிடம் வாயால் பேசுகிறார். 100 மீட்டர் உயரத்தில் போகும் இரண்டு கிலோ பிளாஸ்டிக், விமான நிலைய ரேடாரில் தெரிவதே அபூர்வம். கட்டடம் மறைக்கும், குன்று மறைக்கும். தெரிந்தாலும் பேசுவதற்கு உள்ளே ஆள் இல்லை. ஒரு ஊரின் மேல் முந்நூறு ட்ரோன் பறக்கும்போது ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் வாயால் வழிநடத்துவது நடக்கிற காரியமே இல்லை.

இதற்கு மாற்றாக நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம், பரிமல் கோபர்தேகர் தலைமையில் ஒரு முறையை உருவாக்கியது. யுடிஎம் என்று பெயர்; ஆளில்லா விமானங்களின் போக்குவரத்து மேலாண்மை என்று அர்த்தம். 2015 முதல் 2019 வரை நான்கு கட்டங்களாகச் சோதித்தார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த வெளிகளில் தொடங்கி, கடைசிக் கட்டம் ரீனோ, கார்ப்பஸ் கிறிஸ்டி நகரங்களின் கட்டடங்களுக்கு நடுவே நடந்தது. இதில் எல்லாவற்றையும் பார்க்கும் ஒரே கட்டுப்பாட்டு அறை கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ட்ரோன் எந்தப் பாதையில், எந்த உயரத்தில், எந்த நேரத்துக்குள் போகும் என்பதை முன்கூட்டியே ஒரு சேவை நிறுவனத்தின் கணினியில் பதிகிறது. அந்தக் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. இரண்டு பேரின் இடமும் நேரமும் ஒன்றாக விழுந்தால், புறப்படும் முன்பே ஒருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். வெறும் காகிதத் திட்டமாக இது நின்றுவிடவில்லை. 2024 ஜூலையில் டாலஸ் பகுதியில் விங், ஜிப்லைன் என்ற இரண்டு டெலிவரி நிறுவனங்கள் ஒரே வானத்தில், பைலட்டின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் பறக்க அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இரண்டு நிறுவனங்களின் ட்ரோன்களும் விலகிப் போவதை உறுதி செய்வது இந்த முறைதான்.

புறப்படும் முன் நடப்பதற்கு டவர் எதுவும் தேவையில்லை. சாதாரண இன்டர்நெட் போதும். பறக்க ஆரம்பித்த பிறகுதான் சிக்கல். சொன்ன பாதையில்தான் போகிறதா என்று பார்க்க வேண்டும். காற்று தள்ளி விலகிப்போனால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். திடீரென்று ஏர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் வந்தால், அந்தப் பகுதியில் இருக்கும் எல்லா ட்ரோன்களுக்கும் "இறங்கு" அல்லது "ஒதுங்கு" என்று சில நொடிகளில் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம், பத்து இருபது கிலோமீட்டர் போனாலும் ட்ரோனைப் பின்தொடரும் ஒரு தொடர்பு வேண்டும். கையில் இருக்கும் ரிமோட் அதற்குப் போதாது. பெரும்பாலும் அது வைஃபை இருக்கும் அதே பொது அலைவரிசையில், சில கிலோமீட்டருக்குள் வேலை செய்வது. இதற்கென்று தனியாக ஒரு நெட்வொர்க் கட்டினால் செலவு யாருக்கும் கட்டுப்படியாகாது. மொபைல் நிறுவனங்களிடமோ டவர், உரிமம் பெற்ற அலைவரிசை, சிம் வழியாக ஆளை அடையாளம் பார்க்கும் முறை, குறியாக்கம் எல்லாமே தயாராக இருக்கின்றன.

தேவையும் ஒன்றும் பெரியதல்ல. மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2017-ல் இதை ஆராய்ந்தபோது, ட்ரோனைக் கட்டுப்படுத்தும் தகவலுக்கு நொடிக்கு 60 முதல் 100 கிலோபிட் போதும், தாமதம் 50 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும், அனுப்பும் தகவல் துண்டுகளில் (பாக்கெட்) ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் தொலையக்கூடாது என்று வைத்தது. உயரம் 300 மீட்டர் வரை, வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை. ஒரு வீடியோ காலுக்கு ஆகும் டேட்டாவில் சிறு பங்குதான் இது. கேமரா படத்தை நேரலையாக அனுப்பும்போதுதான் நெட்வொர்க்குக்கு உண்மையான பாரம். அதற்கு 50 மெகாபிட் வரை என்று கணக்கு வைத்தார்கள்.

சரி, அப்படியானால் சிம்மைப் போட்டுப் பறக்கவிட வேண்டியதுதானே? இங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது.

டவரில் இருக்கும் ஆன்டெனா வானத்தைப் பார்ப்பதில்லை. தரையில் இருக்கும் மக்களுக்காக அதைச் சில டிகிரி கீழே சாய்த்துத்தான் வைப்போம். டவர் பொதுவாக 30, 40 மீட்டர். ட்ரோன் அதற்கும் மேலே பறக்கிறது. அதற்குக் கிடைப்பது ஆன்டெனாவின் முக்கியக் கதிர் அல்ல. பக்கவாட்டிலும் மேலேயும் கசியும் சிறு கதிர்கள். அந்தச் சிறு கதிர்களுக்கு நடுவில் சிக்னலே இல்லாத பள்ளங்களும் உண்டு. தரையில் கவரேஜ் வரைபடம் போட்டால் ஒவ்வொரு டவரைச் சுற்றியும் ஒரு பகுதி ஒழுங்காகத் தெரியும். 100 மீட்டர் உயரத்துக்கு அதே வரைபடத்தைப் போட்டால் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கும். நேர் கீழே இருக்கும் டவரை விட்டுவிட்டு, ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டவரைப் பிடித்துக்கொண்டு ட்ரோன் பறப்பது சாதாரணம்.

அப்படியானால் மேலே சிக்னல் குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இருக்காது. குவால்காம் நிறுவனம் சான் டியேகோவில் சுமார் 1,000 முறை ட்ரோன்களை 400 அடி உயரம் வரை பறக்கவிட்டுச் சோதித்து, 2017-ல் முடிவுகளை வெளியிட்டது. தரையைவிட மேலேதான் சிக்னல் பலமாகக் கிடைத்தது. காரணம் எளிது. தரையில் சுவர், மரம், பஸ் எல்லாம் அலையைத் தின்றுவிடுகின்றன. மேலே தடுக்க எதுவும் இல்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். 30 மீட்டர் டவரையும் 120 மீட்டர் உயரத்தில் இருக்கும் ட்ரோனையும் எடுத்துக்கொண்டால், பூமியின் வளைவு மட்டுமே தடை என்ற நிலையில், இரண்டுக்கும் இடையே 58 கிலோமீட்டருக்கும் மேல் நேர்க்கோட்டுப் பார்வை உண்டு.

கோளாறு அந்தப் பார்வையில்தான் இருக்கிறது. ஒரு டவரை மட்டும் பார்த்தால் நல்லது. ட்ரோன் சுற்றியுள்ள எல்லா டவரையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. ஒரு டவர் ஆன்டெனா கவனித்துக்கொள்ளும் பகுதியை செல் என்போம். தரையில் ஒரு போனுக்கு மூன்று நான்கு செல்கள் கேட்கும். மேலே பத்து, பதினைந்து செல்கள் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கும். அத்தனையும் ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. டெஸ்ட் போனை ட்ரோனில் கட்டி மேலே அனுப்பி, இறங்கியதும் அது பதிந்துவைத்த அளவுகளை, அதாவது லாகைத் திறந்தால் இரண்டு கோடுகள் எதிரெதிராகப் போவது தெரியும். உயரம் 20, 40, 60 மீட்டர் என்று ஏற ஏற சிக்னலின் பலம் கூடுகிறது, சிக்னலின் தரம் இறங்குகிறது. போன் திரையில் சிக்னல் பார் முழுசாக நிற்கும். வீடியோ மட்டும் திக்கித் திணறும். 'ஃபுல் சிக்னல் இருக்கிறதே' என்று நம்பி ட்ரோனை அனுப்புகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு சிக்கல் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. 4ஜியில் ஒவ்வொரு செல்லுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. மொத்தம் 504 எண்கள்தான். ஊர் முழுக்கப் பல்லாயிரம் செல்கள் இருப்பதால் அதே எண்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். ஒரே எண் உள்ள இரண்டு செல்கள் ஒன்றையொன்று பார்க்காத தூரத்தில் இருக்கும்படி திட்டமிடுவோம். அந்தத் திட்டம் எல்லாம் தரைக்குப் போட்டது. மேலே போன ட்ரோனுக்கு இரண்டும் தெரியும். "எண் 212 நன்றாகக் கேட்கிறது, அதற்கு என்னை மாற்று" என்று அது கேட்டால், நெட்வொர்க் பக்கத்தில் இருக்கும் 212-க்கு மாற்றப் பார்க்கும். ட்ரோன் சொன்னதோ பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் 212. தொடர்பு அறுந்துவிடும். 5ஜியில் எண்கள் 1,008 ஆகக் கூடியிருக்கின்றன. கொஞ்சம் நிம்மதி, முழுத் தீர்வு இல்லை.

ட்ரோனால் தரையில் இருப்பவர்களுக்கும் தொந்தரவு. தெருவில் நின்று பேசினால் குரல் அந்தத் தெருவோடு போகும். மொட்டை மாடியில் நின்று கத்தினால் நாலு தெருவுக்கும் கேட்கும். ட்ரோன் மேலிருந்து வீடியோ அனுப்பும்போது, தன் டவருக்கு மட்டுமில்லாமல் கேட்கக்கூடிய தூரத்தில் இருக்கும் எல்லா டவருக்கும் அது இரைச்சலாகப் போய்ச் சேருகிறது. ஒரு ட்ரோன் என்றால் பரவாயில்லை. ஐம்பது ட்ரோன்கள் வீடியோ அனுப்பினால் கீழே இருப்பவரின் போன் அழைப்பு பாதிக்கப்படும். அமெரிக்காவில் 800 மெகாஹெர்ட்ஸ் செல்லுலார் அலைவரிசையில் பறந்துகொண்டே போன் பேசக்கூடாது என்று 1990-களில் விதி போட்டதற்கும் இதே காரணம்தான். ஜப்பானில் சாதாரண சிம்மை வானத்தில் பயன்படுத்த விடாமல், 2016-ல் சோதனை அனுமதி என்று தொடங்கி, அப்புறம் 150 மீட்டருக்குக் கீழ் மட்டும் நிபந்தனைகளோடு வழியைத் திறந்தார்கள். வானத்துக்கென்றே தனி சிம் திட்டம் அங்கே விற்கிறார்கள். அந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது: முதலில் அளந்து பார், அப்புறம் விடு.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. 3ஜிபிபியின் 15-வது பதிப்பிலேயே 4ஜிக்கு நல்ல அடித்தளம் போட்டுவிட்டார்கள். இந்த சிம் ட்ரோனுக்கானது என்பது சந்தா விவரத்திலேயே பதிந்திருக்கும். குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் ட்ரோனே நெட்வொர்க்குக்குச் சொல்லும். ஒரே நேரத்தில் பல செல்கள் பலமாகக் கேட்டாலும் சொல்லும். அது எவ்வளவு சக்தியில் பேச வேண்டும் என்பதைத் தனியாகக் கட்டுப்படுத்தலாம். போகப்போகும் பாதையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்து எந்த செல்லுக்கு மாற்றுவது என்று தயாராக இருக்கலாம். 17-வது பதிப்பில் போக்குவரத்து மேலாண்மையோடு நேரடி இணைப்பே வந்துவிட்டது: ட்ரோன் நெட்வொர்க்கில் சேரும்போது, இதற்குப் பறக்க அனுமதி இருக்கிறதா என்று நெட்வொர்க் யுடிஎம் நிறுவனத்திடம் கேட்கும், இல்லை என்று பதில் வந்தால் இணைப்பு கிடைக்காது. அடையாளம், அனுமதி, இருப்பிடம் மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதால், என் பார்வையில் மொபைல் நெட்வொர்க் தரக்கூடிய பெரிய பலன் இதுதான். வேகமான இன்டர்நெட் எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

அனுமதி இல்லாமல் சாதாரண போன் சிம்மைப் போட்டுப் பறப்பவர்களையும் ஓரளவு பிடிக்கலாம். தரையில் எந்தப் போனும் பதினைந்து செல்களை ஒரே பலத்தில் கேட்பதாக அறிக்கை அனுப்பாது. அப்படி ஒரு அறிக்கை வந்தால் அந்தப் போன் மேலே பறக்கிறது, அல்லது உயரமான மாடியில் ஜன்னலோரம் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க, அது நகர்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இருப்பிடம் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். நம் பகுதிக்கு இது ரொம்பப் பொருந்தும். ட்ரோன் தன் உயரத்தைச் சொல்கிறது என்றேனே, எதிலிருந்து அளந்த உயரம்? காற்றழுத்தத்தை வைத்து அளப்பது ஒன்று. புறப்பட்ட இடத்திலிருந்து அளப்பது ஒன்று. கடல் மட்டத்திலிருந்து ஒன்று. ஜிபிஎஸ் மூல வடிவில் தருவது இதில் எதுவும் இல்லை; பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து அளந்த உயரம் அது. உண்மையான கடல் மட்டம் பூமியின் ஈர்ப்புக்குத் தகுந்தபடி ஏறி இறங்கி இருக்கும். உலகிலேயே மிக ஆழமான இறக்கம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, 100 மீட்டருக்கும் மேல். தமிழ்நாடும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் கிடக்கிறது. மெரினா மணலில் ஜிபிஎஸ் கருவியை வைத்து, திருத்தம் செய்யாத உயரத்தைப் படித்தால் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும். ட்ரோன்களுக்கு ஒதுக்கிய வானமே 120 மீட்டர். ஒரு நிறுவனம் திருத்திய உயரத்தையும் இன்னொன்று திருத்தாத உயரத்தையும் அனுப்பினால், எதிரெதிரே ஒரே உயரத்தில் வரும் இரண்டு ட்ரோன்கள் திரையில் 80 மீட்டர் இடைவெளியோடு பாதுகாப்பாகப் போவதாகத் தெரியும். சிக்னல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தப் பிழையை அது திருத்தாது. பிழையான எண்ணைத்தான் வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த அளவுகோலில் உயரம் சொல்ல வேண்டும் என்பதை விதியிலேயே கறாராக எழுத வேண்டும்.

அதேபோல், ஜிபிஎஸ் சிக்னலைப் போலியாக உருவாக்கி ட்ரோனை ஏமாற்ற முடியும். அப்போது டவர்களிலிருந்து அலை போய்வர ஆகும் நேரத்தை வைத்து நெட்வொர்க் தனியாகப் போடும் கணக்கு கைகொடுக்கும். ஜிபிஎஸ் அளவு துல்லியம் வராது. ஆனால் "நான் தாம்பரத்தில் இருக்கிறேன்" என்று சொல்லும் ட்ரோன் உண்மையில் கிண்டியில் இருந்தால் கண்டுபிடிக்கப் போதும்.

இதையெல்லாம் கட்டாயமாக்கலாமா என்பதில் நாடுகள் வெவ்வேறு பக்கம் போயின. அமெரிக்காவில் 2019 டிசம்பரில் வந்த வரைவு விதியில், ட்ரோன் தன் அடையாளத்தை இன்டர்நெட் வழியாகவும் அனுப்ப வேண்டும் என்று இருந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் என்ன செய்வது, மாதச் சந்தாவை யார் கட்டுவது, நம் தகவல் யார் கையில் போய்ச் சேரும் என்றெல்லாம் எதிர்ப்பு வந்தது. 2021 ஜனவரியில் வெளியான இறுதி விதியில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். வைஃபை அல்லது புளூடூத்தில் சுற்றுவட்டாரத்துக்கு ஒலிபரப்பினால் போதும் என்றாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த யு-ஸ்பேஸ் விதியில், அந்தக் குறிப்பிட்ட வான்பகுதிகளுக்குள் நெட்வொர்க் வழி அடையாளத்தைக் கட்டாயச் சேவையாக வைத்தது. எனக்கு இரண்டுமே வேண்டும் என்று தோன்றுகிறது. தெருவில் நிற்கும் போலீஸ்காரருக்குத் தலைக்கு மேல் பறப்பது யாருடையது என்று தெரிய ஒலிபரப்பு போதும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி எதிரே வரும் இன்னொரு ட்ரோனின் நிறுவனத்துக்குத் தெரிய அது உதவாது, அதற்கு நெட்வொர்க்தான். ஜெர்மனியில் அந்நாட்டு வான்வழிக் கட்டுப்பாட்டு நிறுவனமும் டாய்ச்ச டெலிகாமும் சேர்ந்து 2019-ல் ட்ரோனிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. ட்ரோனில் மாட்டக்கூடிய ஒரு சின்ன கருவி, இருப்பிடத்தை 4ஜி வழியாக அனுப்பும். பழைய ட்ரோனிலும் மாட்டலாம் என்பது இதன் நல்ல அம்சம்.

சிம்மே இல்லாமல் பறப்பவற்றை என்ன செய்வது? 2018 டிசம்பரில் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிந்ததாகப் புகார்கள் வந்து, கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டன. எந்த ட்ரோனும் கடைசிவரை பிடிபடவில்லை. தானாக முன்வந்து அடையாளம் சொல்லாததை சிம் முறையால் பார்க்க முடியாது. சீனாவில் இதற்கு டவரையே ரேடார் போலப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்: 5ஜி பேஸ் ஸ்டேஷன் அனுப்பும் அலை ஒரு பொருளில் பட்டுத் திரும்புவதை வைத்து, சிம் இல்லாததையும் கண்டுபிடிப்பது. நம்பிக்கை தரும் வழிதான். பறவையையும் ட்ரோனையும் பிரித்துச் சொல்வதுதான் அதில் கடினம்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். டவர் செயலிழந்தால்?

புயல் வரும். மின்சாரம் போகும். டவரில் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், சாலை மூழ்கியிருந்தால் டீசல் வண்டி வராது. மருந்து கொண்டுபோக ட்ரோன் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான். "இரண்டு நிறுவனங்களின் சிம் போட்டுக்கொள்கிறோம், ஒன்று போனால் இன்னொன்று" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் பல இடங்களில் இரண்டு நிறுவனங்களின் ஆன்டெனாவும் ஒரே டவரில்தான் தொங்குகின்றன. டவர் மூன்றாவது நிறுவனத்துக்குச் சொந்தம், ஜெனரேட்டர் ஒன்றே ஒன்று. அது நின்றால் இரண்டு சிம்மும் சேர்ந்தே போகும். இரண்டு சிம் போடுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாதையில் இரண்டும் உண்மையிலேயே தனித்தனி டவர், தனித்தனி ஃபைபரில் ஓடுகின்றனவா என்று விசாரிக்காமல் அதைப் பாதுகாப்பு என்று கணக்கில் எழுதக்கூடாது.

தொடர்பு போனால் ட்ரோன் என்ன செய்யும்? கடையில் வாங்கும் பெரும்பாலான ட்ரோன்கள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஏறி, புறப்பட்ட இடத்தை நோக்கி நேர்க்கோட்டில் திரும்பும். தனியாகப் பறக்கும் ஒரு ட்ரோனுக்கு அது நல்ல பழக்கம். ஒரு பகுதியில் நாற்பது ட்ரோன்கள் பறந்துகொண்டிருக்கும்போது ஒரு டவர் போனால், நாற்பதும் ஒரே நொடியில் ஏறி, ஒன்றின் பாதையை ஒன்று வெட்டிக்கொண்டு வீடு திரும்பும். அவற்றுக்கு இடையே மோதல் வராமல் பார்த்துக்கொண்டிருந்த தகவல் தொடர்பும் அதே நொடியில்தான் அறுந்திருக்கிறது. தொடர்பு அறுந்ததைவிட, அறுந்த பிறகு எல்லாமே ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான் பெரிய ஆபத்து.

ஆகவே ஒழுங்கான ஏற்பாட்டில் ட்ரோன் தன் திட்டத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்க வேண்டும். சிக்னல் போனாலும் பதிந்த பாதையில், பதிந்த நேரத்தில் போய்க்கொண்டே இருப்பதுதான் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு. ஏனென்றால் அந்த இடமும் நேரமும் அதற்கென்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தொடர்பு இத்தனை நொடிக்கு மேல் இல்லையென்றால் எந்த இடத்தில் இறங்கும் என்பதையும் புறப்படும் முன்பே யுடிஎம்மில் பதிந்திருக்க வேண்டும். எதிரே வருவதைப் பார்த்து விலகும் திறன் ட்ரோனிலேயே இருக்க வேண்டும். டவரைத் தொடாமல் ட்ரோனும் ட்ரோனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழியை 3ஜிபிபி 18-வது பதிப்பில் சேர்த்திருக்கிறது. அது பரவலாக வந்தால் எனக்கு நிம்மதி. 2022-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் அருகே விங் ட்ரோன் ஒன்று மின்கம்பியில் இறங்கி, சுமார் 2,000 பேருக்கு மின்சாரம் போனது. பெரிய நெட்வொர்க், நல்ல மென்பொருள் எல்லாம் இருந்தாலும் கடைசிப் பத்து மீட்டரை ட்ரோன்தான் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவில் நிலைமை என்ன? 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், விமான நிலையங்களிலிருந்து தள்ளியுள்ள பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன்அனுமதி இல்லாமல் பறக்க விட்டன. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 200 அடி. சென்னையில் மீனம்பாக்கமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அக்கம்பக்கத்திலேயே இருப்பதால், நகரத்தின் தென்பகுதியில் பெரும்பகுதிக்கு அனுமதி கேட்டே ஆக வேண்டும். அதே விதிகளில், இருப்பிடத்தையும் உயரத்தையும் நேரலையாக அனுப்பும் கருவியை எதிர்காலத்தில் கட்டாயமாக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 2021 அக்டோபரில் தேசிய யுடிஎம் கொள்கைச் சட்டகமும் வெளியானது. அதே மாதம் மணிப்பூரில் பிஷ்ணுபூரிலிருந்து லோக்டாக் ஏரியில் உள்ள காராங் தீவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ட்ரோனில் தடுப்பூசி அனுப்பியது. சாலை வழி 26 கிலோமீட்டர்; வான்வழி 15 கிலோமீட்டர், 12 முதல் 15 நிமிடம். இந்த மாதிரி பலனைப் பார்க்கும்போது இது வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மருந்துக்குப் படகுக்காகக் காத்திருப்பவருக்கு அது உயிர்.

என் ஆதங்கம் வேறொன்று. தரையில் கவரேஜ் எப்படி இருக்க வேண்டும் என்று மொபைல் நிறுவனங்களைக் கேட்க ஆள் இருக்கிறது, அளக்க முறை இருக்கிறது. 100 மீட்டர் உயரத்தில் கவரேஜுக்கு யார் பொறுப்பு? நெட்வொர்க்கில் வேலைக்காக ஒரு செல்லை இரவில் நிறுத்தினால், அந்த வழியில் பறக்கவிருக்கும் ட்ரோன் நிறுவனத்துக்கு முன்கூட்டியே யார் சொல்வது? ஆன்டெனாவின் சாய்வை இரண்டு டிகிரி மாற்றுவது எங்களுக்கு அன்றாட வேலை. தரையில் அது யாருக்கும் தெரியாது. மேலே ஒரு பாதையே இருண்டு போகலாம். மொபைல் நிறுவனங்களின் உலக அமைப்பான ஜிஎஸ்எம்ஏயும் யுடிஎம் துறையினரின் அமைப்பான ஜியுடிஎம்ஏயும் சேர்ந்து, வானக் கவரேஜ் தகவலை மொபைல் நிறுவனம் ட்ரோன் நிறுவனத்துக்கு எந்த வடிவில் தர வேண்டும் என்று வரையறுத்திருக்கின்றன. அதை அப்படியே எடுத்து உரிம நிபந்தனையில் சேர்க்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. பொறுப்பு யாருக்கு என்று எழுதினால் போதும்.

நீங்களே சிம் போட்ட ட்ரோனை வைத்து டெலிவரியோ ஆய்வோ தொடங்கும் எண்ணத்தில் இருந்தால், கையில் இருக்கும் போனில் சிக்னல் பாரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போகப்போகும் பாதையிலேயே, பறக்கப்போகும் உயரத்திலேயே, பைலட் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் துண்டுதுண்டாகப் பறக்கவிட்டு லாக் எடுங்கள். காலையில் ஒரு முறை, மாலை ஏழு எட்டு மணிக்கு எல்லோரும் போனில் இருக்கும் நேரத்தில் ஒரு முறை. பலத்தோடு தரத்தையும் செல் மாறும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோவுக்கும் கட்டுப்பாட்டுத் தகவலுக்கும் தனித்தனி வழி வையுங்கள். நெரிசல் வந்தால் முதலில் நிற்க வேண்டியது வீடியோ. அப்புறம், தரையில் ஆள் இல்லாத வெளியில், நடு வழியில் சிம்மின் தொடர்பை வேண்டுமென்றே துண்டித்துப் பாருங்கள். திட்டத்தில் எழுதியபடியே ட்ரோன் நடந்துகொள்கிறதா என்று தெரிந்த பிறகுதான் ஜனங்கள் நடமாடும் தெருவுக்கு மேலே அதைக் கொண்டுபோக வேண்டும்.